பேய்க்கட்டைக்குப் பதில் படுத்தவர்

கண்ணாடியில் தாடையைக் காணோம்.

நெற்றி இருந்தது, மூக்கு இருந்தது, நுரை பூசிய மேலுதடும் இருந்தது. அதற்குக் கீழே மரச்சட்டம்தான். ஸ்கேன்காரர் சவரக் கத்தியைப் பிடித்தபடி சற்று நேரம் நின்றார். கால்விரலில் எம்பினார், தாடை வந்தது. குதிகாலை இறக்கினார், போய்விட்டது.

"கண்ணாடிய யாரு மேல தூக்கி மாட்டினது?" என்று குளியலறையிலிருந்தே சத்தம் போட்டார்.

"யாரும் தொடலைங்க. இருக்கிறதே நீங்களும் நானும்தான். எனக்கு வேற வேலை இல்ல பாருங்க, காலங்காத்தால கண்ணாடியத் தூக்கி மாட்டிக்கிட்டு நிக்கிறேன்," என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து.

அவர் ஆணியைப் பார்த்தார். வீட்டுக்கு வெள்ளையடித்தபோது ஆணியின் மேலும் பெயிண்ட் வழிந்து, சுவரோடு சுவராகக் காய்ந்திருந்தது. ஒரு கீறல் இல்லை. அதைப் பிடுங்கி வேறு இடத்தில் அடித்திருந்தால் தெரியாமல் போகாது. ஆணி அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் கண்ணாடி மேலே போயிருக்கிறது.

இது முதல் தடவையாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். போன மழைக்காலத்தில் பின்கதவின் மேல்தாழ்ப்பாள் கைக்கு எட்டாமல் போனது. அடுத்து துணி காயப்போடும் கொடி. பிறகு பரணில் இருந்த குடை. வீட்டுக்கு வெளியிலும் விடவில்லை. பேருந்தில் வழக்கமாகப் பிடித்துத் தொங்கும் கம்பி ஒருநாள் அவர் விரலுக்கும் மேலே போய் நின்றுகொண்டது. கால்சட்டைகள் எல்லாம் நீண்டு தரையைக் கூட்டின. "இப்ப வர்ற துணி எல்லாம் துவைக்கத் துவைக்க நீளுது," என்று தையல்காரரிடம் சண்டைக்கே போய்விட்டார். தையல்காரர் கீழ்மடிப்பை வெட்டித் தைத்துக் கொடுத்தார்.

அவரை அறியாதவர்கள், வயசானால் வரும் கோளாறு என்று சொல்லிவிடலாம். ஆனால் ஸ்கேன்காரருக்கு அளப்பதுதான் பிழைப்பு. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அளக்கிற மனுஷன். எனவே ஒரு பென்சிலை எடுத்து, கண்ணாடிச் சட்டத்தின் அடிவிளிம்பை ஒட்டிச் சுவரில் ஒரு கோடு போட்டார். இனி எவன் தூக்கி மாட்டினாலும் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் அல்லவா.

அந்த வாரம் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கும்போது முதுகில் 'டொக்' என்று ஏதோ சொல்லிற்று. வாயுப் பிடிப்பு என்று சூடு ஒற்றிக்கொண்டார். வலி தணிந்து மறுபடி சவரம் செய்ய நின்றபோது வாயும் காணாமல் போயிருந்தது. பென்சில் கோட்டைத் தேடினார். அது கண்ணாடிச் சட்டத்தை ஒட்டியபடியேதான் இருந்தது. கண்ணாடியும் கோடும் சேர்ந்தே ஏறியிருந்தன.

அப்படியென்றால் கண்ணாடி ஏறவில்லை. சுவர் வளர்கிறது.

டேப்பை எடுத்து வந்து தரையிலிருந்து கூரை வரை அளந்தார். வீடு கட்டியபோது இருந்த அதே உயரம். இன்னொருவராக இருந்தால் நிம்மதியாகியிருப்பார். அவரோ டேப்பையே சந்தேகமாகப் பார்த்தார். டேப்பும் சேர்ந்து நீண்டிருக்கிறது என்பதுதான் அவர் கண்ட முடிவு. இந்த ஒரு யோசனையை இங்கே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மனுஷன் கெட்டதே இதனால்தான்.

மனைவியிடம் சொல்லவில்லை. சொல்லவும் பயமாக இருந்தது. ஏனென்றால் அவளும் வளர்ந்துகொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில் எதிரே நின்று பேசினால் அவளுடைய தலைவகிடு தெரியும். போன வருஷம் வகிடு மறைந்து நெற்றி தெரிந்தது. இப்போது கண்ணுக்கு நேர் கண். காப்பியை நீட்டும்போது அவள் அவரைப் பார்க்கிற பார்வை மட்டும் மாறவே இல்லை. அதுதான் அவரை இன்னும் நடுங்க வைத்தது. ஐம்பதைத் தாண்டிய பெண்பிள்ளை ஒருத்தி சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டே போகிறாள், அது அவளுக்கே தெரியவில்லை என்றால், வீட்டுக்குள் வேறு என்னதான் நடக்காது?

"கொஞ்சம் நிமிந்து நில்லுங்களேன். கூன் விழுது," என்பாள்.

"எனக்கென்ன கூனு? நீ மொதல்ல ஒழுங்கா நில்லு," என்று எரிந்து விழுவார்.

அவர் வேலை பார்த்த இடம் எலும்பு மருத்துவமனை ஒன்றின் கீழ்த்தளம். சன்னல் இல்லாத அறை, நடுவில் மெத்தை போட்ட நீள மேசை, மேசைக்கு மேல் கைபோல நீண்டு நிற்கும் ஒரு கருவி. ஆளைப் படுக்க வைத்து பொத்தானை அழுத்தினால் அந்தக் கை மெல்ல முனகிக்கொண்டே இடுப்பிலிருந்து மேலே போகும். எலும்பு எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்று திரையில் ஓர் எண் வரும். எண் குறைந்தால் எலும்பு உள்ளுக்குள் அரித்துப்போயிருக்கிறது என்று பொருள். மேலே மாடியில் உட்கார்ந்திருக்கும் டாக்டரம்மா அந்த எண்ணைப் பார்த்துத்தான் யார் எதைத் தூக்கலாம், யார் தூக்கக்கூடாது என்று சொல்வார்.

வருகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பக்கத்துச் சரக்குக் கிடங்கில் ஒரு தொழிலாளி பெட்டியைத் தூக்கும்போது முதுகெலும்பு நொறுங்கிப் படுத்த படுக்கையானார். அதன்பிறகு வயதானவர்கள் எல்லாரும் வருஷத்துக்கு ஒருமுறை எலும்பை அளந்துகொண்டு வரவேண்டும் என்று கிடங்கு நிர்வாகம் சொல்லிவிட்டது. ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். "எலும்பு தேயறதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம் இல்லையா சார்?" என்று சிரித்துக்கொண்டு கேட்காத ஆள் இல்லை. மேசையில் ஏறிப் படுத்ததும் அந்தச் சிரிப்பு போய்விடும். கூரையைப் பார்த்தபடி, மூச்சுவிடலாமா கூடாதா என்று கேட்பார்கள்.

படுக்க வைப்பதற்கு முன் ஸ்கேன்காரர், எலும்பை எது எது அரிக்கும் என்பதை வைத்து வழக்கமான கேள்விகளைக் கேட்பார். சிகரெட் உண்டா? குடி உண்டா? அப்பா அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிஞ்சிருக்கா? உயரம் குறைஞ்ச மாதிரி இருக்கா? மூச்சிரைப்புக்கு ஸ்டீராய்டு மாத்திரை மாசக்கணக்கா சாப்பிடுறீங்களா? இந்தக் கடைசிக் கேள்வியை அவர் கேட்கும்போது அதே மாத்திரைப் பட்டை அவர் சட்டைப்பையில் இருக்கும். இளைப்பு வந்தால் ஒன்று, வராமலிருக்க ஒன்று. பல வருஷப் பழக்கம். மற்றவர்களைக் கேட்டுக் கேட்டு வாய் பழகிவிட்டதே ஒழிய, அந்தக் கேள்வியை ஒருநாளும் அவர் தன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கருவி சரியாகத்தான் அளக்கிறதா என்று தினமும் முதல் வேலையாகச் சோதிக்க வேண்டும். அதற்கென்று கம்பெனி ஒரு கட்டை கொடுத்திருந்தது. பிசினுக்குள் நாலைந்து பொய் முதுகெலும்பைப் பதித்து வைத்த கட்டை. எந்த நாள் அளந்தாலும் அதற்கு ஒரே எண்தான் வரவேண்டும். அதன் ஆங்கிலப் பெயருக்குப் பேய் என்று அர்த்தமாம். ஆஸ்பத்திரியில் எல்லாரும் பேய்க்கட்டை என்றே சொல்வார்கள். அறையை மாற்றியபோது அது தள்ளுவண்டியிலிருந்து விழுந்து பிளந்துபோனது. புதுக் கட்டை கடல் தாண்டி வரவேண்டும்.

"அதுவரைக்கும் என்ன பண்றது?" என்று கருவியைப் பழுது பார்க்கும் இன்ஜினியருக்குப் போன் செய்தார்.

"நல்ல திடமான ஆளா ஒருத்தர வச்சு ஒப்பிட்டுக்குங்க சார். ஏன், நீங்களே படுத்துக்குங்களேன். ஒரு மாசத்துல உங்க எலும்பு எங்க ஓடிப்போகப் போகுது?" என்று சொல்லி, தேவைப்பட்டால் கருவிக்குத் திருத்தம் போடுவது எப்படி என்பதையும் அவன் சொல்லிக் கொடுத்தான்.

ஒரு மாதம் என்றது ஒன்றரை வருஷமாக இழுத்தது. தினமும் காலையில் அறைக்கதவைச் சாத்திவிட்டு, பொத்தானைத் தட்டி, கை நகரத் தொடங்குவதற்குள் விறுவிறுவென்று வந்து மேசையில் படுத்துக்கொள்வார். முனகல் இடுப்பின் மேலே ஊர்ந்து போகும். அசையாமல் கிடப்பார். வெளியே நர்சுகள், "சத்தம் போடாதீங்க, உள்ள பேய் படுத்திருக்கு," என்று சிரிப்பது கேட்கும். அவருக்கு அதில் கோபம் இல்லை. உண்மையைச் சொன்னால் பெருமைதான். இத்தனை ஆண்பிள்ளைகளின் எலும்புக்கும் தன் இடுப்பெலும்புதான் படிக்கல் என்றால் சும்மாவா?

சில மாதங்களில் எண் இறங்க ஆரம்பித்தது. கொஞ்சம்தான். 'மெஷினுக்கு வயசாகுது,' என்று நினைத்துக்கொண்டு, தன் பழைய எண் திரும்பி வரும்வரை திருத்தம் போட்டார். மறுபடி இறங்கிற்று. மறுபடி போட்டார். இறங்குகிற ஒவ்வொரு தடவையும் கருவியைத் தலையில் தட்டி மேலே ஏற்றிவிட்டு, நிம்மதியாகக் கதவைத் திறந்து ஆட்களைக் கூப்பிட்டார்.

அந்த அறைக்குள்ளும் விபரீதம் தொடங்கியிருந்தது. வருகிற ஆண்களும் வளர்ந்தார்கள். சுவரில் பதித்த உயரக்கோலின் கீழே அவர்களை நிறுத்தி, தலைமேல் சட்டத்தை இறக்க அவருக்கு இப்போது முக்காலி தேவைப்பட்டது. முக்காலியில் ஏறிக் கோலைப் படித்தால், போன வருஷத்தைவிட அரை விரற்கடை குறைந்திருப்பார்கள். இறங்கி நின்று பார்த்தால் பனைமரமாக நிற்பார்கள். கோல் குறைகிறது, ஆள் கூடுகிறான். இதில் எதை நம்புவது? வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருசேர எழுந்து நின்றால் அவர் சுவரோரமாக ஒதுங்கினார். எல்லாரும் அவரைக் குனிந்து பார்ப்பதுபோல இருந்தது.

அந்தக் கிடங்கில்தான் அவருடைய மச்சானும் வேலை பார்த்தார். மனைவிக்கு மூத்த அண்ணன்; அப்பா இல்லாத வீட்டில் தங்கையை வளர்த்து ஆளாக்கியவர். மலைபோல உடம்பு, குழந்தைபோல மனசு. போன வருஷம் அவர் எலும்பு கொஞ்சம் குறைவாக இருக்கிறது என்று எண் வந்தது. டாக்டரம்மா மாத்திரை எழுதி, பாரம் தூக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். கிடங்கில் அவரை வாசல் காவலுக்கு உட்கார வைத்தார்கள். அந்த நாற்காலி மனுஷனைக் கொன்றது. சின்னப் பையன்கள் பெட்டியோடு தாண்டிப் போகும்போது தலையைக் குனிந்துகொள்வாராம். தங்கை வீட்டுக்கு வருவதைக்கூட நிறுத்திவிட்டார்.

இந்த வருஷம் மறுபடி படுக்க வைத்தபோது எண் ஏறியிருந்தது. ஏறியிருந்தது என்றால் சாதாரண ஏற்றமில்லை. டாக்டரம்மாவுக்கே வாயெல்லாம் பல். "மாத்திரை நல்லா வேலை செஞ்சிருக்கு. தாராளமா வேலைக்குப் போங்க," என்றார். மச்சான் படியிறங்கி ஓடிவந்து ஸ்கேன்காரரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, நீங்க எனக்குக் கடவுள் மாதிரி. நான் திரும்பவும் ஆம்பளையா ஆயிட்டேன்."

"நான் என்ன செஞ்சேன் மச்சான்? எல்லாம் உங்க எலும்பு செஞ்சது," என்றார் இவர், கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டு.

அதற்கு முன்பே புதுக் கட்டை வந்துவிட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். பார்சல் வந்து, பிரிக்காமல், மேசைக்கு அடியில் கிடந்தது. பிரிக்க அவருக்கு மனசு வரவில்லை. இத்தனை நாள் தான் படுத்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கட்டையைத் தூக்கி வைப்பதா? இன்று, நாளை என்று தள்ளிக்கொண்டே போனார். கடைசியில் டாக்டரம்மா கீழே வந்தபோது அது அவர் காலில் இடறிற்று. "இது என்ன? இன்னும் பிரிக்கவே இல்லையா? இன்னைக்கே மாத்துங்க," என்று கடிந்துகொண்டு போனார்.

மறுநாள் காலை கதவைச் சாத்திக்கொண்டு கட்டையை மேசைமேல் வைத்தார். கை முனகிக்கொண்டு போயிற்று. கட்டையின் மேல் பொறித்திருந்த எண் ஒன்று. திரையில் வந்த எண் அதைவிட எங்கேயோ மேலே நின்றது. ஸ்கேன்காரருக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். சட்டென்று இன்ஜினியருக்குப் போன் போட்டார்.

"நீங்க அனுப்பின கட்டை கோளாறு தம்பி. எண் தாறுமாறா ஏறுது."

"கட்டை மாறாது சார். மாறாம இருக்கிறது ஒண்ணுதான் அதுக்கு வேலையே. நீங்க திருத்தம் ஏதாவது போட்டீங்களா?"

"போட்டேன். மெஷின் இறங்கிக்கிட்டே போச்சு. என்னை வச்சு சரி பண்ணிக்கிட்டே வந்தேன்."

அந்தப் பக்கம் அவன் வண்டியை ஓரங்கட்டுகிற சத்தம் கேட்டது.

"நான் ஒரு மாசத்துக்குத்தானே சொன்னேன் சார்," என்றான் அவன், குரல் இறங்கி. "போட்ட திருத்தம் எல்லாத்தையும் எடுத்துடுங்க. எடுத்துட்டு, கட்டையைத் திரும்ப வச்சுப் பாருங்க. அப்புறம்... நீங்களும் ஒருதடவை படுத்துப் பாருங்க சார்."

திருத்தங்களை ஒவ்வொன்றாக எடுத்தார். கட்டையை வைத்தார். பொறித்திருந்த எண் அச்சு அசலாகத் திரையில் வந்து நின்றது.

கட்டையை இறக்கி வைத்துவிட்டு மேசையில் ஏறினார். ஏறும்போதுதான் மேசையும் எவ்வளவு உயரமாகிவிட்டது என்று தெரிந்தது. முனகல் இடுப்பின் மேல் ஊர்ந்தது. இத்தனை நாளும் தூக்கம் வரவழைத்த அதே சத்தம் இன்று பல்லைக் கூச வைத்தது. இறங்கி வந்து பார்த்தார். திரையின் வரைபடத்தில் அவருடைய புள்ளி, எலும்பு அரித்தவர்களுக்கான சிவப்புப் பட்டைக்குள் அடியிலே விழுந்து கிடந்தது. ஒருக்களித்துப் படுத்து முதுகையும் படம் எடுத்தார். செங்கல் செங்கலாக அடுக்கியிருக்க வேண்டிய இடத்தில் மிதிபட்ட தீப்பெட்டிகள் இருந்தன. ஒன்றில்லை, பல. ஒவ்வொன்றும் எப்போது மிதிபட்டது என்று அவருக்குத் தெரிந்தது. ஒரு தும்மல். ஒரு வாளி. பேருந்து ஒருநாள் பள்ளத்தில் இறங்கியது.

அறையில் யாருமில்லை. ஆனாலும் யாரோ இத்தனை நாள் தன் உடம்புக்குள் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டு, சத்தமில்லாமல் வாயைத் துடைத்துக்கொண்டு போனதுபோல அவருக்குத் தோன்றியது. சுவர் வளரவில்லை. டேப் நீளவில்லை. பாவம், மனைவி ஒரு நூல்கூட வளரவில்லை. எல்லாம் அதது நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறது. இவர் ஒருவர்தான் இறங்கிக்கொண்டே போயிருக்கிறார். இறங்குகிற ஒவ்வொரு படிக்கும் உலகத்தைத் திருத்திக்கொண்டே போயிருக்கிறார். கருவியையும்.

கருவியையும்! அப்படியானால் மச்சானின் எலும்பு ஏறவே இல்லை. இருந்ததைவிட இறங்கியிருக்கலாம். ஏறியதெல்லாம் இவர் ஏற்றியது. முந்தாநாள்தான் மச்சான் வாசல் நாற்காலியை விட்டெழுந்து பாரத்துக்குப் போயிருக்கிறார்.

மச்சானுக்குப் போன் போட்டார், அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் போனையெல்லாம் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். கிடங்கு அலுவலகத்தில் எடுத்தவன், "லாரி வந்து நிக்குது சார், அப்புறம் பேசுங்க," என்று வைத்துவிட்டான். மாடிக்கு ஓடி, டாக்டரம்மாவிடம் இரண்டே வாக்கியத்தில் சொன்னார். அவர் முகம் வெளுத்துப்போய்த் தொலைபேசியை எடுப்பதைப் பார்த்தபடியே தெருவில் இறங்கிவிட்டார்.

கிடங்கு இரண்டு தெரு தள்ளித்தான். நேற்றுவரை பொடிநடையாகப் போய்வந்த தூரம். இன்று தெருவில் கால் வைக்கவே பயமாக இருந்தது. நடைபாதைக் கல் ஒன்று ஆடியது. இடுப்பில் கை போயிற்று. தோளில் இடித்துக்கொண்டு போன ஒருவனைத் திட்டக்கூட வாய் வரவில்லை. ஓடினால் தான் நொறுங்கிவிடலாம். நடந்தால் மச்சான் நொறுங்கிவிடலாம். இளைப்பு ஏறியது. வழக்கம்போலக் கை சட்டைப்பைக்குப் போனது. விரல் மாத்திரைப் பட்டையில் பட்டதும் சூடு பட்டதுபோல வெளியே வந்துவிட்டது. நடையும் இல்லாமல் ஓட்டமும் இல்லாமல், ஒரு மாதிரி தத்தித் தத்திப் போய்ச் சேர்ந்தார்.

கிடங்கு வாசலில் காவல் நாற்காலி காலியாக இருந்தது. உள்ளே லாரியின் பின்பக்கம் ஆட்கள் வட்டமாக நின்றார்கள். தோளில் மூட்டையோடு சிலர், கையில் பெட்டியோடு சிலர். அனேகமாக எல்லாரும் இவர் படுக்க வைத்து அளந்தவர்கள். இவரைப் பார்த்ததும் வழி விட்டார்கள். நடுவில் மச்சான் மல்லாந்து கிடந்தார். பக்கத்தில் ஒரு மரப்பெட்டி சாய்ந்து கிடந்தது.

"வாங்க மாப்ள!" என்றார் மச்சான், சிரித்துக்கொண்டே. முகமெல்லாம் வியர்வை. "நல்ல நேரத்துல வந்தீங்க. இவனுங்க பயந்து சாகுறானுங்க. தூக்கும்போது முதுகுல ஏதோ சத்தம் கேட்டுச்சு, அவ்வளவுதான். காலு கொஞ்சம் மரத்துப்போன மாதிரி இருக்கு. சதை பிடிச்சிருக்கும். எலும்புக்குத்தான் ஒண்ணும் இல்லையே, அளந்து பாத்துச் சொன்னதே நீங்கதானே! இவனுங்ககிட்டயும் அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். டேய், மாப்ளையே வந்துட்டாரு, கை குடுங்கடா. எந்திரிச்சுட்டா சரியாப் போயிடும்."

இரண்டு பேர் அவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் குனிந்தார்கள்.

"தொடாதீங்க!" என்று அலறினார் ஸ்கேன்காரர். அவர் தொண்டையிலிருந்து அப்படியொரு சத்தம் வரும் என்று அவருக்கே தெரியாது. "யாரும் தூக்காதீங்க! அவர அசைக்காதீங்க!"

குனிந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"என்ன மாப்ள?" என்றார் மச்சான்.

"உங்க எலும்பு நல்லா இல்ல மச்சான்." அதற்கு மேல் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஆனால் சொல்லாமல் இருக்க வழியும் இல்லை. "எண் ஏறவே இல்ல. மெஷினை நான் என்னை வச்சு அளந்து சரி பண்ணினேன். என் எலும்பு குறையக் குறைய, மெஷின்தான் தப்புன்னு நெனச்சு ஏத்தி ஏத்தி விட்டுட்டேன். உங்களுக்கு மட்டும் இல்ல..." நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார். "இங்க நிக்கிற எல்லாருக்கும். நான் நல்லா இருக்குன்னு சொன்னது யாருக்கும் செல்லாது."

யாரும் அவரை அடிக்கவில்லை, ஒரு வார்த்தை திட்டவுமில்லை. அவர் எதிர்பார்த்தது அதைத்தான், அதுகூடக் கிடைக்கவில்லை. வட்டத்தின் பின்வரிசையில் ஒருவர் தோளிலிருந்த மூட்டையை, தூங்குகிற பிள்ளையை இறக்குவதுபோல மெல்ல இறக்கி வைத்தார். அடுத்தவர் பெட்டியை வைத்தார். கிடங்கு முழுக்க, ஒருவர் பின் ஒருவராக, எல்லாரும் கையில் இருந்ததைத் தரையில் வைத்தார்கள். பிறகு அசைய பயந்தவர்கள்போல நின்ற இடத்திலேயே நின்றார்கள். அவ்வளவு பெரிய கிடங்கில் லாரி என்ஜின் ஆறுகிற டிக்டிக் மட்டும் கேட்டது.

ஸ்கேன்காரர் மண்டியிட்டார். மண்டியிடக்கூடாது என்று தெரிந்தேதான் மண்டியிட்டார். மச்சானின் தலை ஆடிவிடாமல் இரண்டு பக்கமும் கை கொடுத்துப் பிடித்துக்கொண்டார். குனிந்தபோது முதுகின் நடுவில் மறுபடி அந்த 'டொக்' சத்தம். வலி கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. பிடித்த கையை எடுக்கவில்லை.

மச்சானின் சிரிப்பு போய்விட்டிருந்தது. கோபம் வரும் என்று இவர் காத்திருந்தார். மச்சானோ எதையோ மெல்லக் கணக்குப் போட்டுப் பார்ப்பவர்போல நெற்றியைச் சுருக்கினார்.

"அப்ப, குறைஞ்சது உங்க எலும்பா?"

"ஆமா மச்சான்."

"ரொம்பவா?"

ஸ்கேன்காரர் தலையை ஆட்டினார். இவ்வளவு நேரமும் வராத அழுகை இப்போது வந்தது.

"என் தங்கச்சிக்குத் தெரியுமா?"

"எனக்கே இன்னைக்குக் காலையிலதான் தெரியும்."

"சொல்லாம மறைச்சுடாதீங்க மாப்ள. அவ தாங்குவா. ஒளிச்சு வச்சாத்தான் தாங்க மாட்டா." பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு, சின்னக் குரலில், "எனக்குக் காலு இன்னும் வரலையே," என்றார்.

கிடங்கு அலுவலகத்தில் போனில் விசாரித்து டாக்டரம்மா அனுப்பிய ஆம்புலன்ஸ் வந்தது. சீருடைக்காரர்கள் இரண்டு பேர் பலகையோடு ஓடிவந்தார்கள். கழுத்துக்குப் பட்டை கட்டினார்கள்; உடம்பைத் திருகாமல் பலகைக்கு மாற்ற ஆளுக்கொரு பக்கம் இடம் பார்த்தார்கள்.

"சார், தலையை நாங்க பிடிச்சுக்கிறோம். நீங்க எந்திரிச்சு ஒதுங்கிக்குங்க," என்றான் ஒருவன்.

ஸ்கேன்காரர் கையை எடுத்தார். எழுந்திருக்கப் பார்த்தார். முதுகு நிமிர மறுத்தது. இன்னொரு தடவை முயன்றுவிட்டு, அப்படியே குனிந்த வாக்கில் மச்சானுக்குப் பக்கத்திலேயே இருந்துவிட்டார்.

"சார், நேரமாகுது. எந்திரிங்க."

"என்னால முடியல தம்பி," என்றார். "இன்னொரு பலகை கொண்டாங்க. ரெண்டு பேரையும் பார்த்துத் தூக்குங்க."